ஆகஸ்ட் கடலும் நாற்பது பொய் முழுக்குகளும்

பெங்களூருக்குக் கடல் கிடையாது. எங்கள் ஸ்ரீராம்புரத்தில் காவேரித் தண்ணீரே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். எத்தனை மணிக்கு என்று அதற்கே தெரியாது. இந்த ஊரில் இருந்துகொண்டு சனி, ஞாயிறானால் முதுகில் சிலிண்டரைக் கட்டி, ஏதோ ஒரு ஸ்கூல் நீச்சல் குளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, ஆழ்கடல் முழுக்குப் பழகுகிறோம் என்று ஒரு கூட்டம் திரிகிறது. அந்தக் கூத்தில் நானும் ஒருத்தன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

என் மனைவி அமுதா அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. நானும் அவளும் கோலார் தங்கவயலில் ஒரே ஸ்கூலில் படித்தவர்கள். அப்போதிலிருந்து வா, போதான். ரெண்டு பேரோட அப்பாவும் சுரங்கத்தில் இறங்கினவர்கள். அமுதா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டே, கிடைத்த லீவையெல்லாம் கடலில் கொட்டி, முப்பத்தொன்பது வயதுக்குள் தொண்ணூற்றாறு தடவை முழுகியிருந்தாள். தண்ணீருக்குள் அவளைப் பார்த்தால் அவசரமே இல்லாமல் மார்க்கெட்டில் காய் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் பன்னிரண்டு தடவை. அதில் பாதி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மாலத்தீவில் ஒரு டைவ் சென்டர் அவளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது. நவம்பரில் தொடங்கி ஆறு மாதப் பயிற்சி, பிறகு வருஷத்துக்கு ஆறு மாதம் அங்கேயே வழிகாட்டி வேலை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் வந்து காட்ட வேண்டும். சென்டரின் தலைமை வழிகாட்டி கிரீஷ் நம்ம கர்நாடகக் கடலோர ஹொன்னாவரத்துக் கன்னடக்காரர். போனில் கன்னடத்தில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “டிசம்பர்ல வந்தா கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் மேடம், யாரு வேணா முழுகலாம். நீங்க ஆகஸ்ட்ல வாங்க. காத்து, மழை, கலங்கின தண்ணி. அதுல நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் பாக்கணும்.”

அமுதா போனை வைத்துவிட்டு சமையல்கட்டில் தனியாக நின்று சிரித்தாள். கல்யாணமாகி பதினான்கு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்படவில்லை. வருஷத்தில் பாதி நாள் இவள் அங்கே, நான் இங்கே ஹோட்டல் சோறு தின்றுகொண்டு என்றுதான் தோன்றியது. “நானும் வர்றேன்” என்றேன்.

“வா, யாரு வேணாம்னா? உள்பக்கம் அலை இல்லாத இடத்துல புதுசா வர்றவங்களை இறக்குவாங்க. அங்க இரு” என்றாள்.

அந்த ‘அங்க இரு’தான் என்னைக் குத்தியது. தீவுகளுக்கு நடுவே கடல் பாய்ந்து உள்ளே நுழைகிற வாய்க்கால்கள் இருக்கின்றன; பெரிய பெரிய மாண்டா திருக்கைகள் அந்த வாசலில்தான் வந்து நிற்கும். அங்கே இறங்க ஐம்பது முழுக்காவது கணக்கில் இருக்க வேண்டும், அந்த சீசனில் அதைக் கறாராகப் பார்ப்பார்கள். என்னிடம் பன்னிரண்டு.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது, அந்த ஆள் கொடுத்த அனுபவச் சான்றிதழ் நிஜமா, டூப்பா என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. பெங்களூரில் அனுபவத்தில் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கூட்டிப் போடுவது மழையில் ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேலே கேட்பது போல சகஜம். லெட்டர் அடித்துக் கொடுக்கவே மாடிப்படிக்கு அடியில் கம்பெனி வைத்திருக்கிறார்கள். ஆறு கம்பெனிக்கு போன் அடித்தால் ஆறிலும் ஒரே குரல்தான் ஹெச்.ஆர். என்று பேசும். நான் தேதியை வைத்துப் பிடிப்பேன். பொய் சொல்கிறவன் சம்பளத்தைச் சரியாகச் சொல்வான், மேனேஜர் பெயரைச் சரியாகச் சொல்வான், தேதியில் வந்து மாட்டுவான். ஒரு தடவை எங்க ஊர்ப் பெண் ஒருத்தி பதினோரு மாசம் கூட்டிப் போட்டிருந்தாள். “அண்ணா, நானும் கே.ஜி.எஃப். தாண்ணா, கொஞ்சம் பாத்து பண்ணுங்கண்ணா” என்று போனில் அழுதாள். “தப்பு தப்புதாம்மா” என்று சொல்லி, அவள் பெயருக்கு எதிரே எழுத வேண்டியதை எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அப்பேர்ப்பட்ட யோக்கியன்தான் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, லாக் புக்கை விரித்தேன். முழுகுகிறவர்கள் ஒவ்வொரு முழுக்கையும் எழுதி வைக்கிற நோட்டு அது: எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம். கடைசிக் கட்டத்தில் கூட முழுகின ஜோடியின் கையெழுத்து. தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது, ஆளுக்கு ஒரு ஜோடி. உனக்கு மூச்சு முட்டினால் அவள் பார்க்க வேண்டும், அவளுக்கு முட்டினால் நீ. அதனால் அந்தக் கையெழுத்துக்கு மரியாதை.

நாற்பது முழுக்கு எழுதினேன். எல்லாம் கர்நாடகக் கடலோரத்தில், முருடேஸ்வரத்துக்கு எதிரே இருக்கும் நேத்ராணித் தீவில். மூன்று பேனா மாற்றினேன். ரெண்டு பக்கத்தைத் தண்ணீர் தெளித்துக் காயவைத்தேன். எனக்கா தெரியாது? என் ஆபீஸ் வருகைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, நான் வேலைக்கு வந்த நாள் எதுவும் இடிக்காமல், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துப் போட்டேன். ஜோடி கையெழுத்து நாற்பது இடத்திலும் அமுதாவுடையது. அது பெரிய விஷயமா என்ன? கேஸ் சிலிண்டர், கூரியர், அபார்ட்மென்ட் மீட்டிங் என்று பதினான்கு வருஷமாக அவளுக்குப் பதில் நான்தானே போடுகிறேன். அவளை விட அவள் கையெழுத்து எனக்கு நன்றாக வரும்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மாலத்தீவில் அந்த சென்டர் இருக்கிற தீவில் போய் இறங்கினோம். இறங்கினோம் என்றால், ஸ்பீடு போட் எங்களைத் துப்பியது என்று அர்த்தம். ஒன்றரை மணி நேரமும் மழை. போட் ஒவ்வொரு அலையிலும் ஏறி விழும்போது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக எழுந்து உட்கார்ந்தது. எனக்கு எதிரே ஒரு அம்மாள் மடியில் முட்டை அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு முட்டைகூட உடையாமல், அரைத் தூக்கத்தில் வந்தாள். நான் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி வந்தேன். அமுதா நனைந்த முகத்தோடு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படகுத்துறையில் கயிறு பின்னின நாற்காலிகளில் ரெண்டு கிழவர்கள் சாய்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். கூட்டிப் போக வந்திருந்த கிரீஷ் சிரித்தார். என்ன என்று கேட்டேன். “ஒருத்தர், ‘இந்த மாசத்துல கடல்ல இறங்க வந்திருக்காங்களே, இவங்க ஊர்ல வேலை வெட்டி இல்லையா’ங்கறார். இன்னொருத்தர், ‘அந்தம்மாவுக்குத்தான் ஆசை, அந்தாளு சும்மா பின்னாடி வந்திருக்கான் பாரு’ங்கறார்.” பார்த்த ஒரு நிமிஷத்தில் என் ஜாதகத்தையே கணித்துவிட்டான் கிழவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டிபன், மீன். இட்லி கேட்ட நாக்குக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து கையால் பிசைந்து, மெல்லிசான சப்பாத்தியோடு கொடுக்கிறார்கள். மூன்றாவது வாய்க்குப் பிறகு, ஏதோ நம்ம வீட்டு மாசிக் கருவாட்டுச் சமாச்சாரம்தான் என்று நாக்கு ஒப்புக்கொண்டது. பக்கத்து மேஜையில் கோயம்புத்தூர்ப் புது ஜோடி ஒன்று கார்ன்ஃப்ளேக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தது. “அண்ணா, நீங்களும் எங்ககூட உள்பக்கம்தானுங்களா?” என்று அந்த மாப்பிள்ளை கேட்டான். மருதாணி காயாத கை. நீச்சலும் தெரியாதாம். “இல்லப்பா, நான் வெளிய வாய்க்காலுக்குப் போறவன்” என்று சொல்லும்போது எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, தூ.

அமுதா பின்கட்டில் சிலிண்டர்களில் காற்று அடிப்பதைப் பழகிக்கொண்டிருந்தபோது, கிரீஷ் என் லாக் புக்கை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஐம்பத்திரண்டு. “அட, எல்லாம் நம்ம நேத்ராணி! நம்ம கரை ஆளு” என்று தோளில் தட்டினார். படகு காத்திருந்தது, மழை வேறு. உள்ளே புரட்டவில்லை. நம்பினார். நானாக இருந்தால் முதல் பக்கத்திலிருந்து பார்த்திருப்பேன்.

அன்றைக்கு அலையில்லாத இடத்தில், வாய்க்காலுக்குப் போகிறவர்களை எல்லாம் சோதனைக்கு ஒரு தடவை இறக்கினார்கள். ஒப்பேற்றிவிட்டேன். மேலே வந்ததும் கிரீஷ் என் சிலிண்டரின் முள்ளைப் பார்த்து, “காத்தை ரொம்ப சீக்கிரம் தீத்துட்டீங்களே சார். பழகினவங்களுக்கு இவ்ளோ ஆகாதே” என்றார்.

“ஆபீஸ் டென்ஷன்” என்றேன். அதற்கும் சிரித்தார் மனுஷன். நல்லவர்களோடு இதுதான் தொல்லை.

சாயங்காலம் டீக்கடையில் அமுதா வாய் ஓயாமல் பேசினாள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வடகிழக்குக் காற்று, தண்ணீர் தெளிவு, ஊரெல்லாம் கூட்டம். மே பிறந்தால் தென்மேற்கு, மழை, அலை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகிக் கலங்கிவிடும், பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாது. ஆனால் அதைத் தின்னத்தான் மாண்டா கூட்டமாக வரும். “கலங்கினாத்தான்பா அதுங்களுக்கு சோறு” என்றாள். மீனும் தேங்காயும் வைத்துப் பொரித்த உருண்டையைக் கடித்தபடி, நவம்பரில் எங்கே தங்குவாள், எந்த அறை, ஜன்னல் எந்தப் பக்கம் என்று எல்லாம் சொன்னாள். கிரீஷுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று என்பது எனக்கே தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு நாள், வாய்க்காலில் அவளைப் பார்த்துவிட்டால் போதும் என்று சொல்லியிருந்தாராம்.

புதன்கிழமை காலை. அவர்களும் படகைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள். நான் அதில் ஏறி உட்கார்ந்ததும் அமுதா திரும்பினாள்.

“நீ எங்க இதுல?”

“நேத்து என்னைப் பாத்துட்டு கிரீஷே ஓகே பண்ணிட்டாரு. உன்கூட ஜோடி நான்தான்.”

அவள் கிரீஷைப் பார்த்தாள். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இருபது வருஷம் கடலில் இருக்கிற ஆள் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு அவள் என்ன பேசுவாள்? சிலிண்டர் மாட்டின என் காற்று ஜாக்கெட்டின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து இறுக்கிவிட்டாள். “என் பக்கத்துலயே இரு. பயந்தா கையைப் பிடி, மேல போகாத” என்றாள்.

தோணியிலிருந்து குதித்த மறு விநாடி எனக்குத் தெரிந்துவிட்டது, நான் செத்தேன் என்று. தண்ணீர் இல்லை அது, ஓட்டம். பச்சையாக, அழுக்காக, ஒரே இழுப்பு. இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கிடக்க வேண்டும். எல்லாரும் கிடந்தார்கள். நான் பிடித்த பாறை கையோடு வந்தது. அமுதா என் ஜாக்கெட்டை ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள். அப்போதுதான் தலைக்கு மேலே மாண்டாக்கள் வந்தன. ஒன்று, ரெண்டு, நான்கு. வீட்டுக் கூரை அளவுக்கு ஒவ்வொன்றும், சத்தமே இல்லாமல். அமுதாவின் கண் கண்ணாடிக்குள் பெரிதாகியிருந்தது. அவள் அவற்றைப் பார்த்தது மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும்.

என் முள்ளைப் பார்த்தேன். காற்று பாதிக்கும் கீழே. மூச்சு வேகமாக, இன்னும் வேகமாக. சுரங்கத்தில் காற்று நின்றால் எப்படி இருக்கும் என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை, இப்படித்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் மனுஷனே இல்லை. அவளைக் கட்டிப் பிடித்தேன். ஆளை மேலே தூக்க ஜாக்கெட்டில் காற்றடிக்கிற பொத்தானை அழுத்தினேன், விடவில்லை. ரெண்டு பேரும் மேலே கிளம்பினோம். என் முழங்கை பட்டு அவள் கண்ணாடி பறந்தது. உப்புத் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த நிலையிலும், வேகம் குறைய அவள் தன் ஜாக்கெட்டின் காற்றைத் திறந்துவிட்டாள். என் வயிற்றில் ஓங்கிக் குத்தினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. மேலே போகும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் வெடித்துவிடும். நான் மூச்சை விட வேண்டும் என்று குத்தினாள். விட்டேன். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேலே வந்ததும் அவள் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

தீவு ஆஸ்பத்திரியில் ரெண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு எப்படி இருக்கும்? அமுதாவுக்குச் செவிப்பறையில் சின்னக் கிழிசல், ஆறு வாரத்தில் தானாகக் கூடிவிடும், அதற்குப் பிறகு முழுகலாம் என்றார் டாக்டர். அவள் கேட்டது ஒரே கேள்வி: “நவம்பருக்குள்ள சரியாயிடுமா?” ஆகிவிடும் என்றார். என் கையைப் பிடித்து அழுத்தினாள். “விடுப்பா, பயம் யாருக்குத்தான் இல்ல” என்றாள்.

வியாழக்கிழமை காலையில் சென்டர் ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கிரீஷும், சென்டரை நடத்துகிற அம்மாளும். அந்த ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், மெதுவாக இங்கிலீஷில் பேசுவார். நடந்ததை எழுத வேண்டுமாம். நான் மறைக்கவில்லை. பயந்தது நான், பிடித்தது நான், பொத்தானை அழுத்தியது நான், அவள் செய்ததெல்லாம் என்னைக் காப்பாற்றியதுதான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கிரீஷ் எழுதிக்கொண்டே தலையாட்டினார். “நானும் கீழேருந்து பாத்தேன். கண்ணாடி போன பிறகும் அவங்க ஒரு தப்பு பண்ணல. எங்ககிட்ட வேலை செய்யறவங்கள்லயே எத்தனை பேர் அப்படி இருப்பாங்கன்னு தெரியல” என்றார். அந்த அம்மாள் அமுதாவைப் பார்த்துச் சிரித்தார். அமுதா குனிந்துகொண்டாள், முகமெல்லாம் சிவந்து.

பிறகு கிரீஷ் என் லாக் புக்கை எடுத்தார். இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து.

கன்னடத்தில்தான் கேட்டார், ரொம்ப மரியாதையாக. “சார், போன வருஷம் ஜூலையில மூணு ஞாயித்துக்கிழமை நேத்ராணியில முழுகியிருக்கீங்க.”

“ஆமா” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

“ஆகஸ்ட்ல நாலு. அதுக்கு முந்தின வருஷம் ஜூன்ல அஞ்சு.” பக்கத்தைப் புரட்டினார். “நான் ஹொன்னாவரம் சார். ஜூன் பொறந்தா எங்க கரையில டைவ் படகு ஒண்ணு இறங்காது, செப்டம்பர் முடியற வரைக்கும். மீன் பிடிக்கறவங்களே வலையைச் சுருட்டி வெச்சிடுவாங்க. எங்க வீட்ல அலை சத்தத்துல பேச்சு கேக்காது. நீங்க எந்தக் கடல்ல இறங்கினீங்க?”

ஆபீஸ் லீவை எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதின நான், கடலுக்கும் லீவு உண்டு என்று யோசிக்கவே இல்லை. பெங்களூர்க்காரனுக்கு ஜூலை மழை என்றால் டிராஃபிக் ஜாம், அவ்வளவுதானே. தேதியில் மாட்டினேன்.

அமுதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம், ரெண்டாவது பக்கம். மூன்றாவது பக்கத்தில் அவள் விரல் நின்றது, தன் பெயர் மேலே.

“ஜோடி கையெழுத்து எல்லாத்துலயும் உங்களுது மேடம்” என்றார் கிரீஷ். குரலே மாறியிருந்தது. “நாப்பது இடத்துல. இது உங்க கையெழுத்துதானா?”

கிரீஷ் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் குறுக்கிட்டார். அமுதாவின் கையெழுத்து இல்லை என்றால் அது மோசடி. இவருக்கு முழுக்குச் சர்டிபிகேட் கொடுத்த அமைப்புக்கும் தீவு போலீஸுக்கும் எழுத வேண்டிவரும், இவர் இங்கேயே இருந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விவரம் சொன்னார்.

அமுதா என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தை: ‘நான்தான் போட்டேன், அவளுக்குத் தெரியாது.’ தொண்டை வரைக்கும் வந்தது என்று எழுதலாம், பொய். வரவே இல்லை. போலீஸ் என்ற வார்த்தை மட்டும்தான் தலைக்குள் இருந்தது. அந்நிய நாட்டு லாக்கப், ஆபீஸுக்குத் தெரிந்தால் என் வேலை, இதுதான் ஓடியது. மேஜை மேலே இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா” என்றாள் அமுதா. “என்னுதுதான்.”

கிரீஷ் பேனாவை மூடினார். பிறகு அவர்தான் சொன்னார். “தண்ணிக்குள்ள நீங்க பண்ணினதைப் பாத்து இன்னிக்கே உங்களை எடுத்திருப்பேன் மேடம். ஆனா இறங்கத் தெரியாத ஆளுக்கு நாப்பது தடவை தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாளைக்கு என் ஆளுங்க பத்து பேர் உயிரை உங்க கையெழுத்தை நம்பி நான் எப்படி விடுவேன்?”

“சரிதான் சார்” என்று எழுந்துகொண்டாள். அந்த அம்மாளுக்கும் ஒரு நன்றி சொன்னாள்.

அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பார்த்தால், டாக்டர் விமானம் ஏற விடவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே பொதுப் படகு ஓடாது, தொழுகை நாள். கடையெல்லாம் சாத்திக் கிடக்கிறது, தெருவில் பூனைகூட இல்லை. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வெளியே மழை. தீவு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது: கோபித்துக்கொண்டு போக இடமில்லாத ஊர். எங்கள் தெருவாக இருந்தால் ஒரு சிகரெட்டுக்காவது இறங்கிப் போயிருப்பேன்.

மத்தியானம் விடுதிக்காரர் கொண்டுவந்து வைத்த மீன் ரசமும் சோறும் ஆறிப்போயின. கடைசியில் அமுதா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“பத்து வரைக்கும் எண்ணினேன்பா.”

“என்னது?”

“அவர் கேட்டதும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். நீ சொல்லிடுவேன்னு. பத்து வந்திடுச்சி. நீ ஸ்டேப்ளரைப் பாத்துட்டிருந்த.”

“போலீஸ்னு சொன்னாங்களே, நான்...”

“தெரியும். அதனாலதான் ஆமான்னேன்.” அவ்வளவுதான். கத்தியிருந்தால், அந்தத் தட்டை என் மூஞ்சியில் விசிறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சோற்றை எடுத்து வைத்து, “சாப்பிடு, மாத்திரை போடணும்” என்றாள்.

சனிக்கிழமை திரும்பினோம். அலை குறைவு, போட் ஒழுங்காகப் போனது. கோயம்புத்தூர்ப் பையன் போன் நிறைய ஆமை போட்டோ வைத்திருந்தான், அமுதாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். எல்லாவற்றையும் பார்த்து நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றாள்.

ஆறு வாரம் கழித்து இங்கே காது டாக்டர் பார்த்துவிட்டு, சுத்தமாகக் கூடிவிட்டது, தாராளமாக முழுகலாம் என்றார். அமுதா சரி சார் என்றாள். ஆஸ்பத்திரி லேபுக்கு முன்போலவே போய் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போவதில்லை. அந்தக் கடல் கும்பல் போன் பண்ணினால் தலைவலி என்கிறாள்.

நவம்பர் பிறந்ததும் எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்து கிரீஷுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எந்த மத்தியானம், எந்தப் பேனா, எப்படித் தண்ணீர் தெளித்தேன் என்பது வரைக்கும். அவளுடைய நிஜக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவள் பாஸ்போர்ட் பக்கத்தையும் அனுப்பினேன். போலீஸுக்கு எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், என் ஆபீஸுக்கும் எழுதுங்கள், அவளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அனுப்பின பிறகு, பரவாயில்லை, நானும் மனுஷன்தான் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு நாளில் பதில் வந்தது. கன்னடத்தில் சின்னதாக எழுதியிருந்தார்.

“சார், அந்தக் கையெழுத்து தன்னுதுதான்னு மேடம் என் முகத்தைப் பாத்துச் சொன்னாங்க. இல்லைன்னு இப்ப நீங்க எழுதறீங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வார்த்தையைத்தான் நான் நம்ப முடியும்னா, நான் அவங்க வார்த்தையைத்தான் நம்புவேன். மன்னிச்சிடுங்க.”

அமுதாவிடம் காட்டினேன். வேலைக்குக் கிளம்பி, செருப்பைக்கூட மாட்டிவிட்டிருந்தாள். நின்றபடி ரெண்டு தடவை படித்தாள்.

“நீயே ஒரு வரி எழுதிடேன்” என்றேன். “என் கையெழுத்து இல்லைன்னு. நீ சொன்னா நம்புவாரு.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அப்படி எழுதினா நான் அன்னிக்குச் சொன்னது பொய்ன்னு ஆயிடும்பா. அந்த ஒரு மனுஷனாவது என்னை நம்பறார். விடு.”